அத்தை வீட்டுக் கிருமிகள்

ஒரு படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய புதிதில் மனிதர்கள் மிகவும் ஆபத்தானவர்கள். சட்டம் படித்தவர் பக்கத்து வீட்டுக்காரர் மேல் என்ன கேஸ் போடலாம் என்று பார்ப்பார். வைத்தியம் படித்தவர் நம்மை நாக்கை நீட்டச் சொல்லாமல் விடமாட்டார். இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். நுண்ணுயிரியல் படித்தவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்கே, காட்டு பார்க்கலாம் என்று கேட்கவும் வழியில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்தவள்.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. முடித்த சூட்டோடு, திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன். கணவர் குமரேசனுக்கு பஜாரில் மின்சாமான் கடை. வீட்டை நடத்தியது அவருடைய அம்மா சரோஜா, அதாவது என் அத்தை. அத்தையை நடத்தியது பின்பக்கக் கொட்டகையில் நின்ற எருமைகள். மாமா தவறியபோது இரண்டே இரண்டாக இருந்ததை இருபது சொச்சமாகப் பெருக்கியவர் அவர். ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற டீக்கடை, விடுதி, வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் அறை எல்லாவற்றிலும் அத்தையின் பால்தான் பொங்கியது. பௌர்ணமி வந்துவிட்டால் மலை சுற்ற வரும் கூட்டத்துக்கு ஈடுகொடுத்து அத்தையும் எருமைகளும் சேர்ந்தே களைத்துப் போவார்கள்.

எருமை இரண்டு பொருள் தருகிறது. பாலுக்கு ஊர் முழுக்க ஆள் இருந்தது. மற்றதை வரட்டி தட்டியது போக, மிச்சமெல்லாம் கொட்டகை கழுவிய தண்ணீரோடு சேர்ந்து சாக்கடையில் இறங்கி, பக்கத்து மனை நடராஜன் வாத்தியாரின் கிணற்றைப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் பச்சையாகி, மேலே நுரை கட்டி, கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. வாத்தியார் பொறுமைசாலி. இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தார். பிறகு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிவிட்டார். வாத்தியார் எழுதிய மனு அல்லவா, ஒரு பிழை இல்லாமல் இருந்ததாம்.

ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்த வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கழிவுக்கு ஒரு வழி பண்ணுங்கம்மா. இல்லாட்டி மாடுங்கள ஊருக்கு வெளிய கொண்டு போயிடணும். டவுனுக்குள்ள இப்படி வெச்சிக்க முடியாது."

ஊருக்கு வெளியே எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. கொண்டு போவது என்றால் விற்பது என்று அர்த்தம். அன்று முழுக்க அத்தை சாப்பிடவில்லை. கொட்டகையில் ஒவ்வொரு எருமையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. (தொண்டை அடைத்தாலும் வாய் அடைக்கவில்லை என்பதுதான் இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம்.)

"அத்தை, கவலப்படாதீங்க. சாண எரிவாயுத் தொட்டி கட்டலாம். கழிவு மொத்தமும் அதுக்குள்ள போயிடும். கேஸ் வரும். கடைசியா வெளிய வர்றது நல்ல எரு. சாக்கடைக்கு ஒரு சொட்டு போவாது."

"நெசமாவா தேனு?" தேன்மொழி என்பது என் பெயர். அத்தை அதைச் சுருக்கி வைத்திருந்தார்.

"நான் படிச்சதே இதைத்தான் அத்தை."

வைக்கோல் போர் இருந்த இடத்தை அத்தை விட்டுக்கொடுத்தார். கொத்தனார் வந்து குழி தோண்டி, செங்கல்லும் சிமெண்டுமாகக் கவிழ்த்த சட்டி போலத் தொட்டியைக் கட்டினார். ஒரு பக்கம் சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்றக் கலக்குத் தொட்டி, மறு பக்கம் செரித்த கரைசல் வெளியேற ஒரு வாய், உச்சியிலிருந்து அடுப்படிக்கு ஒரு குழாய். வந்தவாசிப் பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து கொத்தனாரே கொஞ்சம் கரைசல் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். சில வாரம் காத்திருந்தோம்.

நீலச் சுடர் முதல்முதலாக வந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புகையில்லை, கரியில்லை, சாணி வாடை துளியும் இல்லை. நேற்றுவரை வாத்தியார் கிணற்றை நாறடித்த அதே பொருள், அடுப்பில் பூப்போல எரிகிறது. அத்தை கைகூப்பி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று உரக்கச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? தட்டில் கற்பூரம் ஏற்றி கேஸ் குழாய்க்கு நேரே காட்டப் போனார். நானும் இவரும் பாய்ந்து தடுத்தோம்.

பாடம் எடுக்க எனக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

"உள்ள அப்படி இன்னாதான்டி இருக்குது?" என்று அத்தை தானாகவே கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்லூரியில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் முதல்முதலாக அவற்றைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த வியப்பு தீரவில்லை. இன்றும் தீரவில்லை. காற்று பட்டாலே செத்துப்போகிற உயிர்கள் அவை. நாம் எதை மூச்சு என்கிறோமோ அது அவற்றுக்கு விஷம். பூமியில் மூச்சுவிடத் தகுந்த காற்றே உண்டாகாத காலத்தில் பிறந்த வம்சம். பிறகு காற்று வந்து உலகம் நிரம்பியபோது, சேற்றின் அடியிலும் மாட்டின் வயிற்றிலும் இருட்டில் போய் ஒதுங்கிக்கொண்டன. அங்கிருந்து இன்றுவரை வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் சாணத்தில் இருக்கும் பெரிய சரக்கை உடைத்துப் போடும். உடைத்ததை அடுத்த கூட்டம் புளிக்க வைக்கும். புளித்ததை இன்னொரு கூட்டம் தின்று வாயுவாக விடும். ஒன்று முடித்த இடத்தில் மற்றது ஆரம்பிக்கும். கிணற்றைக் கெடுக்கிற அழுக்கு அத்தனையும் அவற்றுக்குச் சோறு. யாரும் மேஸ்திரி இல்லை, யாரும் லீவு போடுவதில்லை.

இவ்வளவையும் நான் அத்தைக்குச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டேன். 'நுண்ணுயிர்' என்றால் அத்தைக்குப் புரியாதே என்று, புரிகிற சொல்லாகப் பார்த்து எடுத்துப்போட்டேன்.

"எல்லாம் கிருமி அத்தை. உள்ள கோடானுகோடி கிருமி இருக்குது. ஒரு சொட்டுல இருக்கிற கிருமிய எண்ணக்கூட முடியாது. நாம குளிக்கிறப்பவும் தூங்குறப்பவும் அது பாட்டுக்குப் பெருகிக்கிட்டே இருக்கும்."

அத்தை வாய் பிளந்து கேட்டார். கண் இமைக்கவில்லை. தொட்டி இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடடா, எவ்வளவு பிரமித்துப் போயிருக்கிறார் என்று நான் பூரித்தேன். அறிவியலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் இன்ஜினியர் வருவதாகத் தகவல் வந்தது. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். எருமைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். இந்தப் பரபரப்பில் அடுப்பின் சுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி ஆகிக்கொண்டு வந்தது. தீபத் திருவிழா முடிந்து பனி இறங்கியிருந்த நேரம் அது.

"குளிர் அத்தை," என்றேன் நான், எல்லாம் தெரிந்தவளாக. "சூடு கம்மி ஆனா அதுங்க வேலையும் கம்மி ஆயிடும். வெயில் வந்தா சரியாப்பூடும்." (நான் சொன்னது பாடப்புத்தகப்படி முழுக்கச் சரி. அன்றைய நிலவரப்படி முழுக்கத் தப்பு.)

இன்ஜினியர் வந்தார். கூட ஓர் உதவியாளர், வெளிவரும் தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிப் புட்டிகளோடு. நடராஜன் வாத்தியாரும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் பையன்கள் ஒப்பிப்பதைக் கேட்கிற தோரணையில் நின்றார். தெருவில் பாதிப் பேர் மதில் மேல். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். சாணித்தொட்டியைக் காட்டப் பட்டுப்புடவை எதற்கு என்று இவர் கேட்டதற்கு, "இது வரலாறு, உங்களுக்குப் புரியாது" என்று சொல்லியிருந்தேன்.

பேசினேன். காற்றில்லாத காலம், வம்சம், இருட்டு, சேறு, ஒரு கூட்டம், அடுத்த கூட்டம், எல்லாம். இன்ஜினியரே அசந்துபோய்க் கேட்டார். "சரிம்மா, அடுப்ப பத்தவைங்க பாக்கலாம்," என்றார்.

வால்வைத் திறந்து தீக்குச்சியைக் கொண்டுபோனேன். குச்சி எரிந்து என் விரலைச் சுட்டது. அடுப்பு சும்மா இருந்தது. இன்னொரு குச்சி. இன்னொன்று. "ஈரமா இருக்குது பெட்டி," என்றேன். இவர் புதுப்பெட்டி எடுத்துக் கொடுத்தார். அதில் பாதியும் போயிற்று. பட்டுப்புடவைக்குள் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் எல்லோரும் தொட்டிக்கே போனோம். கரைசல் வெளிவரும் வாயருகே இன்ஜினியர் குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"இது இன்னாம்மா, கவர்மெண்டு ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

நானும் குனிந்து முகர்ந்தேன். பினாயில். சந்தேகமே இல்லை, கறுப்புப் பினாயில்.

அப்போது அத்தை முன்னால் வந்தார். பரிசு வாங்கப் போகிற குழந்தைக்கு இருக்குமே, அப்படி ஒரு வெட்கமும் பெருமையும் அவர் முகத்தில் இருந்தது.

"நான்தாங்க சார் ஊத்தினேன். மருமவ சொல்லிச்சு, உள்ள கோடிக்கணக்குல கிருமி பெருகிக் கெடக்குதுனு. எனக்குத் தூக்கமே போச்சுங்க. நாலு வூட்டுக் கொழந்தைங்க பால் குடிக்குது. நீங்க வேற வர்றீங்க. கலக்குத் தொட்டியில தெனமும் காலையில பாட்டில் பாட்டிலா ஊத்தினேன். இப்ப உள்ள ஒரு கிருமி இருக்காது சார். மொத்தத்தையும் கொன்னுட்டேன். நீங்க தாராளமா டெஸ்டு பண்ணிக்கலாம்."

மதில் மேலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

 கல்யாணமான நாள்முதல் நான் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று இவர் இன்றும் சொல்வார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று உதடு காட்டிக்கொடுத்தது. "அடுத்த மாசம் வர்றேன். அதான் கடைசி. அப்பவும் இப்படியே இருந்தா மாடுங்களுக்கு நானே உத்தரவு போட வேண்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தைக்கு விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவை செத்ததால்தான் அடுப்பு செத்தது என்று. அத்தை அப்படியே கலக்குத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி, கிருமின்னா கொல்றதுக்குத்தானேடி இருக்குது? காப்பாத்தற கிருமின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ காத்து இல்ல, சேறுன்னு ஊர்க்கதையெல்லாம் சொன்னியே!"

 எந்தக் கிருமியைப் பற்றியும் யாரும் அவரிடம் நல்லதாக அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொன்ன ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது.

பாதித் தொட்டியை இறைத்துவிட்டுப் புதுச்சாணி கரைத்தோம். ஆனால் உயிருள்ள கரைசலை யாரிடமாவது வாங்கி ஊற்றினால்தான் சீக்கிரம் பிழைக்கும். வந்தவாசித் தொட்டிக்காரர் யாத்திரை போயிருந்தார். கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருப்பதாகத் தெரிந்தது. பால் கேன்களோடு ஒரு வேனைப் பிடித்து, நானும் அத்தையும் போனோம். வழி நெடுக ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். கிருமி என்ற சொல்லை இந்த ஜென்மத்தில் வாயால் சொல்வதில்லை. எவருக்கும் பயம் தராத, வீட்டில் புழங்குகிற, மங்களமான சொல்லாகத் தேடி வைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு அன்பாக வரவேற்றுத் தண்ணீர் கொடுத்தார்.

"எங்க தொட்டிக்கு உறை வேணும்மா," என்றேன். "பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. உங்க தொட்டியிலேருந்து கொஞ்சம் குடுத்தீங்கன்னா எங்களோடது புடிச்சிக்கும்."

அந்த அம்மாவின் முகம் மாறியது.

"வெள்ளிக்கிழம, விளக்கு வெச்ச நேரத்துல வந்து உறை கேக்கறியேம்மா? உறைமோர் குடுத்தா வூட்டு லட்சுமி கூடவே போயிடுவான்னு சொல்வாங்க. அதுவும் மாட்டுக்கார வூட்டுல."

"ஐயோ, மோர் இல்லீங்க. சாணிக் கரைசல்தாங்க! நீங்க வெளிய ஊத்தறதுதான்!"

"அத மொதல்ல சொல்லியிருந்தா அள்ளிக்கினு போன்னு விட்டிருப்பேன். நீ உறைன்னு சொல்லிட்ட. நான் காதால கேட்டுட்டேன். இனிமே எப்படிக் குடுக்கறது?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். அத்தை அந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க சொல்றது நியாயம்தாங்க. நானா இருந்தாலும் குடுக்கமாட்டேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு வார்த்தையே அமையாதாடி?" என்றார்.

ராத்திரி அங்கேயே தங்கச் சொல்லிச் சோறு போட்டார்கள். பொழுது விடிந்து வெள்ளிக்கிழமை கழிந்ததும் அதே அம்மா, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தானே நின்று கேன் கேனாக நிரப்பிக் கொடுத்தார். கேன்களுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போனபோது மட்டும் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சளும் கிருமிகளைக் கொல்லுமே, எதற்கு வம்பு?

ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் அத்தை மாறிப்போனார். விடிந்ததும் தொட்டிப் பக்கம்தான் முதலில் போவார். கலக்குகிற சாணியில் ஒரு துரும்பு விடமாட்டார். வீட்டில் இருந்த பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் தூக்கித் தெருக்கோடி வீட்டில் கொடுத்துவிட்டார். சோப்புப் போட்ட தண்ணீர் அந்தப் பக்கம் போனால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். சிமெண்ட் தளத்தில் காதை வைத்துக் கேட்பார். ஒருநாள் நான் பின்னால் நிற்பது தெரியாமல் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியாம செஞ்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. பொழச்சி வந்துடுங்க. எருமைங்கள வுட்டுட்டு என்னால இருக்க முடியாது."

நான் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டேன். நான் படித்த எந்தப் பேராசிரியரும் அவற்றிடம் நேராகப் பேசியதில்லை.

முதலில் வாயு வந்தது, ஆனால் பற்றவில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும், ஆனாலும் குச்சி மேல் குச்சியாக உரசிப் பார்த்தேன். பிறகு ஒரு காலை, இவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்படியிலிருந்து அத்தை போட்ட சத்தத்தில் தலையில் சோப்போடு ஓடிவந்தார். சுடர் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்ததைவிட நீலமாக, உறுதியாக எரிந்தது. கண்ணால் பார்க்க முடியாதவை, காற்றைக் காணாதவை, நாங்கள் பினாயில் ஊற்றிக் கொன்றும், இன்னொரு வீட்டிலிருந்து வந்து, ஒன்றுமே நடக்காதது போல வேலையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டன. நாங்கள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம்.  இந்தத் தடவை நான் பாடம் எடுக்கவில்லை.

இன்ஜினியர் வந்தபோது நான் நூல் புடவை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அடுப்பு ஒரே குச்சியில் பற்றியது. சாக்கடை காய்ந்து கிடந்தது. செரித்து வந்த கரைசலை உதவியாளர் புட்டியில் பிடித்து முகர்ந்துவிட்டு, "மண்ணு வாசனதான் சார் வருது," என்றார். நடராஜன் வாத்தியார் தன் தென்னைகளுக்கு அதில் ஒரு வண்டி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். போகும்போது இன்ஜினியர் அத்தையிடம், "இப்ப உள்ள கிருமி இருக்குதாம்மா?" என்று கேட்டார். "கோடிக்கணக்குல இருக்குது சார். எல்லாம் நல்லா இருக்குதுங்க," என்றார் அத்தை, பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல.

எருமைகள் எங்கும் போகவில்லை. எனக்கு மட்டும் தெருவில் ஒரு பட்டம் நிலைத்தது. கிருமி வூட்டு மருமவ என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டில் முன்பின் தெரியாத யார் வந்துபோனாலும், இவர் அவர்கள் தலை மறைந்ததும் என்னைப் பார்த்து, "இது எந்த வகை?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை ஆரம்பித்து வைத்தது அத்தை. இரண்டாயிரம் பிறந்த பிறகு, என் மகளுக்கு நாலு வயசு இருக்கும்போது, காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, கிருமித் தொத்து," என்று மருந்து எழுத ஆரம்பித்தார்.

அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்ல கிருமியா, கெட்ட கிருமியா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ அனுபவத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"கெட்டதுதாம்மா," என்றார் கடைசியில்.

அத்தை கையை எடுத்தார்.

"அப்ப கொல்லுங்க."